கோணாமலையின் மூக்குக்கு வந்த சான்றிதழ்

கோணாமலைக்கு மணம் தெரியாது என்று சுவைப்பிழை வாரியம் எழுத்தில் கொடுத்த அன்று, அந்தக் காகிதத்தோடு நாவற்குடாவிலுள்ள வாரியத்தின் படியில் இறங்கும்போதே, பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு பொரிப்பது அவருக்கு மணந்தது. எதிர் வளவில் மண்ணெண்ணெய் சிந்தியிருந்தது மணந்தது. காகிதத்தில் குத்தியிருந்த முத்திரையின் ஊதா மை இன்னும் காயவில்லை என்பதும் மணந்தது. என்ன மணந்து என்ன? சான்றிதழ் சான்றிதழ்தான். "இதன் உரித்தாளர் நுகர்புலன் அற்றவர் என இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது. இதற்கு மேன்முறையீடு இல்லை" என்று அதில் இருந்தது.

"ரெண்டு கையாலயும் வாங்குங்க. இது ஆவணம்" என்று சொல்லித்தான் பணிப்பாளர் பூபாலரெட்ணம் அதைக் கொடுத்தார். கோணாமலையும் இரண்டு கையாலும் வாங்கினார். குனிந்தும் வாங்கினார். அதை நினைத்தால் பிறகு எத்தனையோ நாள் அவருக்கு முதுகு எரிந்தது.

வாரியம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள். மட்டக்களப்பு வாவியில் நண்டுக்குஞ்சு வளர்க்கவென்று வெளிநாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. நண்டுக்குஞ்சுகள் ஒன்றுவிடாமல் செத்தன. இரண்டு மாடிக் கட்டடமும், நான்கு குளிரூட்டிகளும், பிரதிப் பணிப்பாளர் பூபாலரெட்ணமும் மிச்சம். கட்டடத்தைச் சும்மா போடக் கூடாது, பூபாலரெட்ணத்தையும் சும்மா விடக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ஹோட்டலில் ஒரு ஜெர்மன்காரர், தன் ஊர் லாகர் பியர் இங்கே வந்து நாறுகிறது என்று முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அவ்வளவு போதும். ஐரோப்பிய லாகர் சுவைப்பிழை கண்டறியும் வாரியம் பிறந்துவிட்டது. பூபாலரெட்ணத்தைப் பதினொரு நாள் செக் நாட்டுக்கு அனுப்பினார்கள். போனவர் ஒரு செப்பு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தோடும், அந்தக் குளிரில் பிடித்த மூக்கடைப்போடும் திரும்பி வந்தார். படம் சுவரில் தொங்கியது. மூக்கடைப்பு மாறவேயில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். அதை மூக்கின் இரண்டு துவாரத்திலும் மாறி மாறி வைத்து இழுத்துவிட்டுத்தான் அவர் எந்த பியரையும் பரிசோதிப்பார்.

அவர் கொண்டுவந்த இன்னொன்று, பட்டியல். லாகரில் வரக்கூடிய கெட்ட மணங்கள் பன்னிரண்டு. வெண்ணெய், பச்சை ஆப்பிள், வேகவைத்த சோளம், ஈர அட்டைப்பெட்டி, ஸ்கங்க் என்று தொடங்கி, குதிரைப் போர்வை, மாட்டிறைச்சிச் சூப் என்று முடியும். இந்தப் பிரதேசத்தில் ஐரோப்பிய லாகர் ஊற்றுகிற எவரும் இந்தப் பன்னிரண்டையும் மணந்து பெயர் சொல்ல வேண்டும். பெயர் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். பட்டியல் இரகசியம்.

கோணாமலை தன்னாமுனைக்காரர். வாவிக்கரை ஹோட்டல் ஒன்றின் பாரில் இருபத்திரண்டு வருடமாக நின்றவர். குடிப்பழக்கம் இல்லாதவர். போத்தலைத் திறந்ததும் வாயருகே ஒருதரம் மூக்கைக் கொண்டுபோவார். சரியென்றால் ஊற்றுவார், இல்லையென்றால் கழுவுதொட்டியில் கவிழ்ப்பார். அவருக்குப் படிப்பித்தவர் யாருமில்லை. கெட்டதை ஒருவருக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்ற வெட்கம் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த விதி.

வாரியத்தின் கண்ணில் அவர் பட்டது ஒரு சாக்கினால். இறக்குமதிப் போத்தல்களை வாவியைப் பார்த்த கண்ணாடி அலுமாரியில், வெளிச்சம் விழும்படி அடுக்க வேண்டும் என்பது வாரியத்தின் முதல் கட்டளை. ஐரோப்பியத்தன்மை தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். கோணாமலை அடுக்கினார். காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பச்சைப் போத்தல்களுக்கு மேல் ஒரு அரிசிச் சாக்கைப் போட்டு மூடினார். சோதனைக்கு வந்த பூபாலரெட்ணம் சாக்கைக் கண்டு திகைத்துப்போனார்.

"என்ன இது?"

"பச்சைப் போத்தல் வெயில் குடிச்சா உள்ளுக்கு இருக்கிறது கெட்டுப்போகும் சேர். நாறும்."

"யார் சொன்னது?"

"மூக்குத்தான் சேர்."

பூபாலரெட்ணம் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் முதல் பெயர் கோணாமலையுடையது.

சோதனை அறையில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் பூபாலரெட்ணம். பக்கத்துக்கு இரண்டு பேராக நால்வர் நிபுணர் குழு. எல்லாரும் நண்டுத் திட்டத்தில் மிஞ்சியவர்கள். ஓரத்தில் செயலாளர் விதுர்ஷா விடைகளைப் பதிந்துகொண்டிருந்தாள். முதல் கிளாஸ் வந்தது. கோணாமலை மணந்தார்.

"நெய் உருக்கின சட்டி, சேர்."

"பிழை. வெண்ணெய்."

"நெய்யும் வெண்ணெயில இருந்துதானே சேர்..."

"நெய் பட்டியலில் இல்லை."

இரண்டாவது கிளாஸுக்குக் கோணாமலை, புதிதாகப் பெயின்ற் அடித்த கதவு என்றார். பச்சை ஆப்பிள் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவதை மணந்ததும் அவர் முகம் மலர்ந்தது. இதில் சந்தேகமே இல்லை, றால் அவித்து இறக்கிய தண்ணீர். நிபுணர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ஐரோப்பிய பியருக்குள் றால் எப்படி வரும்? அது வேகவைத்த சோளம். நான்காவது, மழையில் நனைந்து ஊறிய சீமெந்துப் பை. அதுவும் பிழை, அது ஈர அட்டைப்பெட்டி. ஐந்தாவது கிளாஸைக் கிட்டக் கொண்டுபோனதும் கோணாமலை தலையைப் பின்னுக்கு இழுத்தார். அது அவருக்கு மிகத் தெரிந்த நாற்றம். வெயில் குடித்த பச்சைப் போத்தல்.

"மரநாய் சேர். கூரைக்குள்ள குட்டி போட்ட மரநாய்."

"ஸ்கங்க்" என்றார் பூபாலரெட்ணம், மிக அமைதியாக.

"அது என்ன சேர்?"

"ஒரு மிருகம்."

"எங்க இருக்கு?"

"அமெரிக்காவில்."

"சேர் கண்டிருக்கிறீங்களா?"

"படத்தில் கண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பூபாலரெட்ணம் இன்ஹேலரை ஒரு இழுவை இழுத்தார். பிறகு எழுந்து நின்று, பரிதாபத்தோடு பேசினார்.

"கோணாமலை, நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். மணம் எல்லாருக்கும் வரும். நாய்க்கும் வரும். நாய் ஒரு அதிகாரி இல்லையே! கெட்ட பியரைக் கெட்டது என்று சொல்ல ஒரு வாரியம் தேவையில்லை. அதற்குச் சரியான பெயரைச் சொல்லத்தான் வாரியம். நீங்கள் பாட்டுக்கு மணந்து, நீங்கள் பாட்டுக்குக் கவிழ்த்து ஊற்றினால், இந்தக் கட்டடம் என்னத்துக்கு? இந்தக் குளிரூட்டி என்னத்துக்கு? நான் என்னத்துக்கு?"

கடைசிக் கேள்விக்குக் கோணாமலையிடம் பதில் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் பயந்த மனிதர். மூன்று பிழைக்கு மேல் விட்டவர் நுகர்புலன் அற்றவர் என்பது ஒன்பதாம் பிரிவு. விதுர்ஷா முத்திரை குத்தினாள்.

சான்றிதழ் உரியவர் வேலை செய்யும் இடத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி தொங்க வேண்டும் என்பதும் விதி. ஹோட்டல் மனேஜர் டிலக்சன் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டினான். பிறகு கோணாமலையைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ண, குறை நினைக்காதீங்க. மூக்கு இல்லாத ஆளப் பாருக்குள்ள வச்சிருந்தா எங்களுக்கு நட்சத்திரம் தர மாட்டாங்க. நீங்க வாகனம் நிப்பாட்டுற இடத்தப் பாத்துக்கொள்ளுங்க."

இருபத்திரண்டு வருடம் போத்தல் பிடித்த கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்கள்.

சேதி ஊருக்குள் போக எவ்வளவு நேரம் வேண்டும்? மறுநாளே வீதியோரத்தில் மீன் விற்கும் சீதேவிப்பிள்ளை, பெட்டியின் அடியிலிருந்து ஒரு திலாப்பியாவை எடுத்து அவருக்கென்று வைத்தாள். அதன் கண் வெளுத்திருந்தது. நான்கு முழத்துக்கு அப்பாலேயே அது நாறியது.

"இது பழசு புள்ள."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்குத்தான் மணக்காதே கா. எழுதி ஒட்டியிருக்காமே. இத நீங்க கொண்டுபோங்க, நல்லத மணம் தெரிஞ்ச ஆக்களுக்குக் குடுப்பம்."

பக்கத்து வளவுச் சாமித்தம்பி புதுக் கக்கூஸ் குழியைக் கோணாமலையின் வேலியோடு ஒட்டித் தோண்டினான். கேட்டதற்கு, "உங்கட பக்கமெண்டா ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லையே அண்ண" என்று நியாயம் சொன்னான். கோணாமலையின் மனைவி புஸ்பத்தின் மூக்கு எங்கே போனது என்று அவன் யோசிக்கவில்லை. ஏறாவூரில் காஸ் சிலிண்டர் விற்கும் றமீஸ் நல்ல பொடியன், பத்து வருடப் பழக்கம். அவனும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினான்.

"காஸ் கசிஞ்சா உங்களுக்குத் தெரிய வராதாமே அண்ணன். நாளைக்கு ஊடு பத்திச்செண்டா கேசு என்ட தலையில விழும். அல்லாஹ்வுக்காகக் கோவிக்காதீங்க."

அன்று புஸ்பம் தென்னோலையும் தேங்காய்ப் பொச்சும் எரித்துச் சமைத்தாள். புகை கண்ணைக் கரித்தது. வேலிப் பக்கமிருந்து சாமித்தம்பியின் குழி வீசியது. சட்டியில் சீதேவிப்பிள்ளையின் திலாப்பியா. கோணாமலையால் ஒரு வாய்க்கு மேல் இறக்க முடியவில்லை. புஸ்பம் அகப்பையைக் கீழே போட்டாள்.

"உங்கட மூக்க அவன் ஒரு பேப்பரில எழுதி எடுத்துட்டான். நீங்க கும்பிட்டுக் குடுத்திட்டு வந்திருக்கிறீங்க."

"நான் என்ன செய்ய புள்ள?"

"எனக்குத் தெரியா. ஆனா அவனும் ஒருநாளைக்கு இப்பிடிக் குந்தியிருந்து இந்தச் சோத்தத் தின்ன வேணும். அதப் பாக்காம எனக்குச் சோறு இறங்காது."

கோணாமலைக்கும் உண்மையில் அதே ஆசைதான் இருந்தது. வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வாகனம் நிறுத்துமிடத்தில் விசில் ஊதும் ஒவ்வொரு தடவையும் அவர் பூபாலரெட்ணத்தை நினைத்தே ஊதினார்.

மூன்றாம் மாதம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. புஸ்பம் அதை மூன்று தரம் வாசித்தாள். வாரியத்தின் ஊற்றுநராகக் கோணாமலை நியமிக்கப்பட்டிருந்தார். நிபுணர் குழுவுக்கு மாதிரிகளை ஊற்றிக் கொடுப்பவர் மணம் அறியாதவராக இருக்க வேண்டும் என்பது பதினான்காம் பிரிவு. மணம் அறிந்தவர் முகத்தைச் சுளித்தால் குழு விடையைக் கண்டுகொள்ளுமாம். அதுவரை தடிமன் பிடித்து மூக்கடைத்த ஒருவரை வைத்திருந்தார்கள். அவருக்குத் தடிமன் மாறிவிட்டது. கிழக்கிலேயே முத்திரையோடு மணம் அறியாதவர் கோணாமலை ஒருவர்தான்.

"போகப் போறீங்களா?" என்று கேட்டாள் புஸ்பம்.

"ஓம்" என்றார் கோணாமலை. அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் புஸ்பத்துக்கு அன்று சோறு கொஞ்சம் இறங்கியது.

வேலை லேசானது. ஐரோப்பாவிலிருந்து சிறு சிறு குப்பிகள் வரும். குப்பிக்கு ஒரு பிழை, ஒவ்வொன்றுக்கும் ஈய மூடி, மூடிமேல் முத்திரை. நல்ல பியரை ஒரு சாடியில் ஊற்றி, குப்பியை உடைத்து அதில் கலந்தால் அந்தக் கெட்ட மணம் வந்துவிடும். குழு மணந்து பெயர் சொல்லும். கலக்கும் அறைக்குள் ஊற்றுநரைத் தவிர எவரும் வரக்கூடாது.

இரண்டாம் வாரம் கோணாமலைக்கு ஒரு கைப்பிழை நேர்ந்தது. ஏழாம் சாடியில் கராம்புக் குப்பியைக் கலக்க மறந்துபோனார். வெறும் பியர் உள்ளே போனது. அவர் கதவிடுக்கில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பூபாலரெட்ணம் கண்ணை மூடி, கிளாஸைச் சுழற்றி, "கராம்பு. தெளிவான, கூச்சமில்லாத கராம்பு" என்றார். நால்வரும் தலையாட்டினார்கள். ஒருவர், பல் வைத்தியரின் அறை நினைவுக்கு வருகிறது என்றார்.

கோணாமலை அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தார். மறுநாள் விதுர்ஷாவிடம் நைசாகக் கேட்டார், ஏன் பிள்ளை எப்பவும் முதலாம் சாடியில் வெண்ணெய், இரண்டாம் சாடியில் ஆப்பிள்? மாற்றி வைக்கக் கூடாதா?

விதுர்ஷா தட்டச்சை நிறுத்தாமல் சொன்னாள். "பட்டியல் ஒழுங்க மாத்த ஏலா அங்கிள். மாத்திறதெண்டா குழு கூடி அனுமதி குடுக்க வேணும். குழுவுக்கு அது விருப்பமில்ல."

அவள் நிமிர்ந்து அவரை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். ஆகவே இதுதான் சங்கதி. நெய்ச்சட்டியையும் றால் தண்ணீரையும் மரநாயையும் ஒன்றுவிடாமல் பிடித்த மூக்குக்கு ஊதா முத்திரை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு நிபுணர் பட்டம். கோணாமலைக்கு வந்த ஆத்திரத்தில் அன்று கழுவிக்கொண்டிருந்த கிளாஸ் ஒன்று கையிலேயே உடைந்தது.

அங்கீகார விழா ஆவணியில் வந்தது. ஐரோப்பாவிலிருந்து பரிசோதகர் ஒருவர் வந்து, குழு பன்னிரண்டு பிழையையும் கண்டுபிடிப்பதைக் கண்ணால் பார்த்துக் கையொப்பமிட்டால், வாரியத்தின் சான்றிதழ்கள் அங்கேயும் செல்லும். அதாவது, அதுவரை மட்டக்களப்பில் மட்டும் மூக்கில்லாமல் இருந்த கோணாமலை, அன்று பின்னேரத்திலிருந்து டென்மார்க்கிலும் மூக்கில்லாதவர் ஆகிவிடுவார். அடுத்த வாரமே இன்னும் பதினேழு பார்க்காரருக்குச் சோதனை இருந்தது. அவர்களின் பெயர்களை விதுர்ஷா ஏற்கெனவே சான்றிதழ்த் தாளில் தட்டச்சு அடித்து வைத்திருந்தாள். நேரம் மிச்சமாகட்டும் என்று பணிப்பாளர் சொன்னாராம்.

விழாவுக்கு வேண்டிய பியரைக் கோணாமலை ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்தெடுத்தார். அன்றுதான் இறங்கிய பெட்டியில் பார்த்து எடுத்தார். இருட்டறையில் வைத்தார். தன் பழைய அரிசிச் சாக்கை வீட்டிலிருந்து கொண்டுவந்து போர்த்தினார். ஒவ்வொரு போத்தலையும் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்பு நடனம் நடந்தது. பரிசோதகர் ஹென்றிக் டென்மார்க்கில் நாற்பது வருடம் பியர் வடித்து ஓய்வுபெற்ற கிழவர். மாலை கழுத்தில் குத்தியதால் நெளிந்துகொண்டிருந்தார். விதுர்ஷா மொழிபெயர்த்தாள். முதலாம் கிளாஸ் எல்லார் முன்னாலும் வைக்கப்பட்டது.

பூபாலரெட்ணம் இன்ஹேலரை இழுத்தார். மணந்தார். "வெண்ணெய்" என்றார். "மலையடிவாரத்துப் பசுவின், காலையில் கடைந்த வெண்ணெய்."

நால்வரும் ஆமோதித்தார்கள். கிழவர் மணந்தார். ஒரு மிடறு குடித்தார். புருவத்தைத் தூக்கினார். மற்றவர்கள் துப்பினார்கள், அவர் கிளாஸை முடித்தார்.

இரண்டாவது பச்சை ஆப்பிள். மரத்திலிருந்து முந்தாநாள் பறித்ததாம். கிழவர் அதையும் முடித்தார். மூன்றாவது சோளம். நான்காவது அட்டைப்பெட்டி, அதுவும் சப்பாத்து வந்த அட்டைப்பெட்டி என்று ஒரு நிபுணர் நுணுக்கம் சேர்த்தார். ஐந்தாவதை மணந்து பூபாலரெட்ணம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஸ்கங்க்! பெண் ஸ்கங்க்!" சபை வியந்தது. கிழவர் விதுர்ஷாவிடம் ஏதோ கேட்டார். தான் எழுபது வயது வரைக்கும் ஒரு ஸ்கங்க்கையும் கண்டதில்லை, இங்கே அவை நிறைய உண்டா என்று அவர் கேட்பதாக அவள் சொன்னாள். பதினோராவது குதிரைப் போர்வை வந்தபோது, குதிரை எந்த நிறமென்று மட்டும்தான் அவர்கள் சொல்லவில்லை. பன்னிரண்டும் முடிந்தன. விதுர்ஷா விடைத்தாளோடு ஒப்பிட்டு, பன்னிரண்டும் சரி என்று அறிவித்தாள். கைதட்டல் ஓயவில்லை. கோணாமலை கதவருகே வெள்ளைக் கோட்டுடன் நின்றார். அவருடைய காது இரண்டும் நெருப்பாக எரிந்தன.

கிழவர் எழுந்தார். அவர் முகம் சிவந்து, நல்ல சந்தோசமாக இருந்தது.

"இந்த பியரைப் பாதுகாத்தவர் யார் என்று கேட்கிறார்" என்றாள் விதுர்ஷா. "தன் ஊரிலேயே இவ்வளவு சுத்தமான லாகர் குடித்து நாளாயிற்றாம். பன்னிரண்டு கிளாஸும் ஒரே பியர்தானாம். பிழை எங்கே என்று கேட்கிறார்."

கோணாமலை உள்ளே போனார். ஒரு தட்டத்தில் பன்னிரண்டு குப்பிகளையும் கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்தார். பன்னிரண்டு ஈய மூடிகளும் முத்திரை கலையாமல் மின்னின.

"நான் ஒண்டையும் கலக்கல்ல" என்றார்.

பூபாலரெட்ணம் துள்ளி எழுந்தார். "இந்த ஆள் நுகர்புலன் அற்றவர்! சான்றிதழ் இருக்கிறது! இவருடைய சாட்சி செல்லாது!"

"மணத்தப் பத்தி நான் ஒண்டும் சொல்லல்லையே சேர்" என்றார் கோணாமலை. தட்டத்தை அவர் பக்கமாகத் தள்ளினார். "மூடியப் பாருங்க. மூடி பாக்க மூக்குத் தேவையில்ல."

கிழவர் ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூபாலரெட்ணம் தண்ணீர் குடித்தார். பிறகு, இவ்வளவு காலம் எப்படி இவர் பணிப்பாளராக இருந்தார் என்பதற்கு விளக்கம் போல, ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசத் தொடங்கினார்.

"சபையோரே! பிழை உள்ள பியரில் பிழையைக் கண்டுபிடிக்க யாராலும் முடியும். பாரில் நிற்கிறவனாலும் முடியும். பிழையே இல்லாத பியரில் பன்னிரண்டு பிழையை வரிசையாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அதற்குப் பயிற்சி வேண்டும்! ஐந்து பேரும் ஒரே பிழையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அதற்கு ஒரு நிறுவனம் வேண்டும்! அந்த நிறுவனம்தான் நாங்கள்!"

பழக்கத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

விதுர்ஷா இதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். கிழவர் கடைசிக் குப்பியையும் தட்டத்தில் வைத்தார். பிறகு, தவறான விடைக்கு உங்கள் விதி என்ன என்று கேட்டார். விதுர்ஷாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எல்லாப் பிரிவையும் அடித்தவள் அவள்தானே.

"ஒன்பதாம் பிரிவு. மூன்று பிழைக்கு மேல் விட்டவர் நுகர்புலன் அற்றவர். மேன்முறையீடு இல்லை. சான்றிதழில் பணிப்பாளர் கையொப்பமிட வேண்டும். பணிப்பாளரே உரித்தாளராக இருந்தால், மணத்தில் பக்கச்சார்பு இல்லாத உத்தியோகத்தர் கையொப்பமிடலாம்." அவள் கோணாமலையைப் பார்த்தாள். "அப்படியான உத்தியோகத்தர் வாரியத்தில் ஒருவர்தான் இருக்கிறார்."

சான்றிதழ்த் தாள்கள் தயாராக இருந்தன அல்லவா. பதினேழு பார்க்காரரின் பெயர்களில் ஐந்தை விதுர்ஷா வெள்ளை மை பூசி அழித்தாள், மேலே புதுப் பெயர்களை எழுதினாள். கோணாமலை வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து தன் சொந்தப் பேனையை எடுத்தார். ஐந்திலும் அவசரமில்லாமல், முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டார். முத்திரையைத் தானே குத்தினார். கொஞ்சம் பலமாகவே குத்தினார்.

பூபாலரெட்ணம் ஒரு கையை நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் வாங்குங்க சேர்" என்றார் கோணாமலை. "இது ஆவணம்."

வாரியத்தை மூடவில்லை. வாரியங்களை மூடுவதற்கும் ஒரு வாரியம் வேண்டும். ஆனால் குழுவில் இருக்க மணம் தெரிய வேண்டும், மணம் தெரியும் என்று சொல்ல ஒரு குழு வேண்டும். ஆகவே சோதனைகள் நின்றன. பதினேழு பார்க்காரரும் தப்பினார்கள். ஹென்றிக் தன் ஊருக்குப் போகுமுன் இரண்டு நாள் கோணாமலையின் ஹோட்டலில் தங்கினார். கோணாமலை ஊற்றினால்தான் குடிப்பேன் என்று அவர் நின்றதால், டிலக்சன் விசிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு பாருக்கு வழிவிட்டான். சட்டத்தைக் கழற்றட்டுமா அண்ண என்று அவனே கேட்டான். கோணாமலை விடவில்லை. சுவரில் அது இருக்கட்டும் என்றார். விருந்தாளிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பூபாலரெட்ணம் ஒருதரம் பாருக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கோணாமலை, நீங்கள் என்னுடையதைக் கிழியுங்கள். நான் உங்களுடையதைக் கிழிக்கிறேன். இரண்டு பேருக்கும் நல்லது."

"மேன்முறையீடு இல்லையே சேர்" என்றார் கோணாமலை, ஒரு கிளாஸைத் துடைத்தபடி. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க அவர் முயலவுமில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. விழாச் சேதி அதற்குள் மீன்பெட்டி வரைக்கும் வந்திருந்தது. சீதேவிப்பிள்ளையின் பெட்டிக்கு முன்னால் பூபாலரெட்ணம் கடதாசிப் பையோடு நின்றிருந்தார். வீட்டில் விருந்தாளிகளாம். சீதேவிப்பிள்ளை பெட்டியின் அடியில் கையை விட்டு, ஒரு பெரிய கொடுவாயை வெளியே இழுத்தாள். அது செத்து மூன்று நாள் இருக்கும். ஈ கூட அதில் உட்கார யோசித்தது. பூபாலரெட்ணம் அதை மூக்கருகே கொண்டுபோனார். இன்ஹேலரை இழுத்துவிட்டு மறுபடி கொண்டுபோனார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லதுதானா?"

"நல்ல மீன் சேர். உங்களுக்குத்தான் மணக்காதே, நான் சொல்லுறதத்தான் நம்ப வேணும்."

அப்போதுதான் அவர் பக்கத்தில் நின்ற கோணாமலையைக் கண்டார். ஒரு வினாடி தயங்கினார். பிறகு, பதினொரு நாள் ஐரோப்பாவில் படித்த மனிதர், அந்த மீனைக் கோணாமலையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கோணாமலை, நீங்கள் சொல்லுங்கள். இது நல்லமா?"

கோணாமலை குனிந்தார். கண்ணை மூடி, ஆறுதலாக, நெஞ்சு நிறைய இழுத்தார். நிமிர்ந்தார்.

"எனக்கு மணம் தெரியாதே சேர். நீங்கதானே எழுதித் தந்தீங்க."

சீதேவிப்பிள்ளை அவருக்கென்று மேலே வைத்திருந்த, கண் பளபளத்த கொடுவாயை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு தன்னாமுனைக்குச் சைக்கிளைத் திருப்பினார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். பூபாலரெட்ணம் மற்றதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருந்தார்.